தவிட்டோடு போன உயிர்ச்சத்து

பிழைப்பை நாடியும் பணிமாற்றத்தின் பொருட்டும் பெங்களூருக்கு வந்து குடியேறிய நம்மவர், ஊரிலிருந்து தவறாமல் உடன் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று தமிழ், மற்றொன்று அரிசி மூட்டை. தமிழைக் காக்கச் சங்கம் கண்டோம்; ஆண்டு மலர் வெளியிடுகிறோம். அரிசிக்கு எவரும் சங்கம் அமைக்கவில்லை. அமைக்காமலே அது நம் அடுக்களையில் தனியாட்சி செலுத்தி வருகிறது.

நாம் வந்து சேர்ந்ததோ கேழ்வரகு விளையும் பூமி. அண்டை வீட்டுக் கன்னட அன்பர் முத்தே உருட்டிக் கீரைச் சாற்றில் தோய்த்து உண்ணும்போது, நாம் மரியாதையோடு புன்னகைத்துவிட்டு நம் வெள்ளைச் சோற்றுக்குத் திரும்பிவிடுகிறோம். ஆயினும் நம் வீட்டிலும் கேழ்வரகு இல்லாமல் இல்லை. பச்சிளங் குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுகிறோம். முதியவருக்கு நீரிழிவு கண்டபின் மருத்துவர் சொற்படி கேழ்வரகு அடை தட்டுகிறோம். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறோம். ஆக, பல் முளைக்குமுன் ஒருமுறை, நோய் வந்தபின் ஒருமுறை, அம்மனின் பொருட்டு ஆண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் அரிசிக்கே உரியவை.

இது சரிதானா என்று கேட்டால், விடை சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோழியும் புறாவும் எலியும் மாடும் மனிதனுக்குப் பாடம் சொன்ன வரலாறு அது. அதனைச் சுருக்கமாக இங்குக் காண்போம்.

மாட்டுத் தொட்டியில் கிடந்த செல்வம்

நம்முள் நடுவயதைக் கடந்தோர் பலருக்குப் பாட்டி வீட்டு மாட்டுக்கொட்டில் நினைவிருக்கும். அரிசி களைந்த கழுநீர் அந்தத் தொட்டிக்குப் போகும். வடித்த கஞ்சியும் அங்கேயே போகும். நெல் அரைத்து வந்த தவிடும், செக்கில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பிண்ணாக்கும், பருத்திக்கொட்டையும், காய்கறித் தோலும், கீரைத் தண்டும் அதே தொட்டியில் சேரும். இத்தனையும் நீக்கியபின் மிஞ்சிய வெண்மையான சோறு மட்டும் மனிதரின் இலைக்கு வரும். மாட்டின் மீது நம் முன்னோர் கொண்ட அன்பு போற்றத் தக்கதே. ஆனால் இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால், அந்த வீட்டில் சமச்சீர் உணவு உண்டது பெரும்பாலும் மாடுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

உரலும் உலக்கையும் இருந்த காலத்தில் இந்த வேறுபாடு இத்துணைப் பெரிதாக இல்லை. கைக்குத்தலில் உமி நீங்கும். தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நீராவியால் இயங்கும் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழை நாடுகளில் பரவியபோதுதான் தவிடும் முளையும் முற்றாக நீங்கிய, பளபளப்பாகத் தீட்டிய அரிசி ஏழைக்கும் எட்டியது. வெண்மை செல்வத்தின் அடையாளமாயிற்று. அதனோடு ஒரு நோயும் பரவியது.

கோழி கற்பித்த பாடம்

அந்நோயின் பெயர் பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தளரும், உடல் வீங்கும், முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவில் படைவீரரும் சிறைக்கைதிகளும் இந்நோயால் மடிந்தனர். நுண்ணுயிரே காரணமாக இருக்கவேண்டும் என்று அக்கால மருத்துவர் நம்பினர். அந்த நுண்ணுயிரைத் தேடியவர்களுள் ஒருவர் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் மருத்துவர்.

1890ஆம் ஆண்டை ஒட்டி, அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. சில மாதங்களில் அவை தாமாகவே தேறின. வியப்புற்ற அவர் விசாரித்தபோது ஓர் அடுக்களைச் செய்தி வெளிப்பட்டது. கோழிகளுக்குச் சிலகாலம் படை மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருக்கிறது. பின்னர் வந்த புதிய சமையற்காரர், படைக்குரிய உயர்ந்த அரிசியைக் கோழிகளுக்குத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். மலிவான, தீட்டாத அரிசியைத் தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. அந்தச் சமையற்காரரின் சிக்கனம் மருத்துவ வரலாற்றையே திருப்பியது எனலாம்.

எய்க்மான், வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதனை முறிப்பதாகவும் முதலில் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் என்பவரே 1901இல் உண்மையை நெருங்கினார். அரிசியில் நஞ்சு இல்லை. உயிர்வாழ இன்றியமையாத ஏதோ ஒன்று அதில் இல்லாமற் போய்விட்டது என்றார். கூடாத பொருள் ஒன்று உள்ளே புகுவதால் மட்டுமன்று, வேண்டிய பொருள் ஒன்று வராமையாலும் நோய் உண்டாகும் என்னும் கருத்து அன்றைக்குப் புதியது. 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் பெயர் வழங்கக் காரணமானார். தமிழில் நாம் ‘உயிர்ச்சத்து’ என்கிறோம். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றில் நம் பக்கத்து மண்ணுக்கும் பங்குண்டு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886இல் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர், பிலிப்பைன்ஸ் நாட்டில் பெரிபெரியால் சாகக்கிடந்த குழந்தைகள் தவிட்டுச் சாறு புகட்டப்பெற்று மீண்டதைக் கண்டார். அச்சத்தைத் தேடியே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1936இல் தயமின் என்னும் அந்த உயிர்ச்சத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினார்.

மலாயாத் தமிழரின் புழுங்கலரிசி

நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்ற தமிழர் ஒரு சாராரைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். மலாயா நாட்டில், சயாம் நாட்டு வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரிக்குப் பெருமளவில் இரையாயினர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அணுகவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இதனைக் கவனித்து, காரணம் அரிசியிலேதான் இருக்கிறது என்று வாதாடினார். 1907இல் நூலாகவும் வெளியிட்டார். தமிழர் உண்டது ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி.

கோலாலம்பூரில் மனநோயாளர் விடுதி ஒன்றில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டளவில் இதனைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்குச் சயாம் வெள்ளரிசியும், மற்றொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுக்கப்பட்டன. முதற்பிரிவில் பலர் பெரிபெரியில் வீழ்ந்தனர். இரண்டாம் பிரிவில் நோய் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

இதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி அரிசியிலேயே தங்குகிறது. நெல் அவித்துக் காயப்போட்ட நம் பாட்டிமார் எந்த வேதியியலும் பயின்றவரல்லர். ஆயினும் அவர்களுடைய அண்டாவும் அடுப்பும் கடல் கடந்த பிள்ளைகளின் உயிரைக் காத்தன. ‘பச்சரிசி உயர்ந்தோர்க்கு, புழுங்கல் மற்றோர்க்கு’ என்று நம்மிடையே நிலவிய பெருமிதத்தை இச்செய்தி ஒருகணம் தலைகுனியச் செய்யும்.

குன்னூரின் எலிகள்

ஆனால் இப்பெருமையோடு கட்டுரையை முடித்துவிட இயலாது. நீலகிரியின் குன்னூரில் மற்றொரு பாடம் காத்திருந்தது. 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறையே 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

மெக்காரிசன் புறாக்களையும் எலிகளையும் வளர்த்து ஆராய்ந்தார். அவருடைய சோதனைகளுள் புகழ்பெற்ற ஒன்று இது: இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைப் போலவே சமைத்து, தனித்தனி எலிக்கூட்டங்களுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பயறு, காய்கறி, எப்போதாவது சிறிது இறைச்சி என்று சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவுகளை உண்டவை அடுத்தடுத்து நின்றன. கடைசியில் நின்றது ‘மதராசி’ உணவு. நம் உணவு.

இச்செய்தியைப் படிக்கும் தமிழருக்கு முதலில் சினமே வரும். சற்றுப் பொறுமையோடு சிந்திக்க வேண்டும். இஃது இனத்தின் தாழ்வன்று, இலையின் குறை. அக்காலச் சென்னை மாகாணத்து எளிய மக்களின் உணவில் சோறு மிகுதி. பால், பருப்பு, கீரை, காய் ஆகியன மிகக் குறைவு. புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுத்தது உண்மையே. ஆனால் ஒரு நோயைத் தடுப்பது வேறு. உடலை முழுமையாக வளர்ப்பது வேறு. சோறு வயிற்றை நிரப்பியது. எலும்புக்கும் தசைக்கும் குருதிக்கும் வேண்டியதை அது தனித்துத் தர இயலவில்லை.

உடலுக்கு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்துகள், தாது உப்புகள், நீர் ஆகிய அனைத்தும் வேண்டும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இவற்றுள் ஒன்று மிகுந்தால் மற்றொன்றின் குறை ஈடாகிவிடாது. அலுவலகக் கோப்பில் பத்துக் கையொப்பங்கள் வேண்டுமிடத்தில் ஒருவரே பத்துமுறை கையொப்பமிட்டால் கோப்பு நகருமா? உடலும் அவ்வாறே நடந்துகொள்கிறது.

பெங்களூரில் நிகழ்ந்தவை

இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயங்கள் நாம் வாழும் நகரிலேயே நிகழ்ந்தன. 1923இல் இங்கே கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமான அரசுக் கல்வி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆடுகோடியில் இன்று தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக விளங்குவது அதுவே. 1927இல் உடல்நலம் குன்றி ஓய்வுக்காகப் பெங்களூர் வந்திருந்த காந்தியடிகள், அங்குச் சென்று மாடு வளர்ப்பைப் பாடமாகக் கேட்டார். பார்வையாளர் ஏட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த உழவர் என்று பதிவு செய்தார்.

ஏழாண்டுகளுக்குப் பின், 1934இல், அவர் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசியைத் தன் முதன்மையான பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன் செயலாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. தொழிலால் அவர் கணக்குத் தணிக்கையாளர். வரவு செலவைத் துல்லியமாகப் பார்க்கப் பழகிய அவரும் அவர்தம் சங்கமும், ஆலை அரிசியின் வெண்மைக்கு நாடு என்ன விலை கொடுக்கிறது என்பதை மக்களுக்கு எடுத்துரைத்தது பொருத்தமே அன்றோ!

இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் துறையை நடத்திவந்த வி. சுப்பிரமணியன், 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அந்நிலையம் உருவாக்கிய ‘பலநோக்கு உணவு’ எதனால் ஆனது தெரியுமா? எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கு, கடலைப்பருப்பு மாவு 25 பங்கு. அவற்றோடு உயிர்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும். பாட்டி வீட்டு மாட்டுத் தொட்டியில் கரைக்கப்பட்ட பிண்ணாக்கின் புரதந்தான், தூய்மையான முறையில் பதப்படுத்தப்பட்டு, மெலிந்த குழந்தைகளின் உணவாக மீண்டு வந்தது. 1970களில் நிலக்கடலைப் புரதத்தைப் பாலோடு கலந்த ‘மில்டோன்’ என்னும் பானமும் பெங்களூரில் தயாரிக்கப்பட்டது. மாட்டுக்கென்று நாம் ஒதுக்கியவற்றை அறிவியல் ஒவ்வொன்றாக மனிதனிடம் திருப்பிக் கொடுத்தது. இன்று தவிட்டு எண்ணெயைக் கடையில் விலை கொடுத்து வாங்குவதும் அவ்வகையினதே.

மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே கணக்கு

ஆடுகோடியிலேயே 1995இல் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. கால்நடைக்குச் சரிவிகித உணவு எது என்பதை ஆராய்வது அதன் பணி. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு, பால் வழியாக மட்டும் 12 கிராம் சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. அதனைத் தீவனத்தில் ஈடு செய்யாவிடில் தன் எலும்பைக் கரைத்தே கன்றுக்கும் நமக்கும் பால் தரும். கன்று ஈன்றவுடன் இச்சத்து திடீரெனக் குறைந்தால் எழ முடியாமல் படுத்துவிடும். பால் காய்ச்சல் என்பது இதுவே.

இங்கும் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் வேறுபாடு காண்கிறோம். நெல் வைக்கோலில் மணற்சத்து மிகுதி. அதிலுள்ள ஆக்சாலிக் அமில உப்புகள் சுண்ணாம்புச் சத்தை உடலிற் சேரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. கேழ்வரகுத் தாள் அதனினும் நல்ல தீவனம். பெங்களூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கேழ்வரகுத் தாளைப் போராக வேய்ந்து பாதுகாப்பதைப் பேருந்துப் பயணத்தில் நாம் பார்த்திருக்கிறோம்.

தானியத்திலும் அதே கதை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. நெல்லை மட்டும் நம்பிய மாட்டுக்கும், நெல்லை மட்டும் நம்பிய மனிதனுக்கும் ஏற்படும் குறை ஒன்றே என்பது எவ்வளவு பெரிய உண்மை!

கன்னட மக்கள் இத்தானியத்தின் பெருமையை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கனகதாசர் ‘ராமதான்ய சரித்திரே’ என்னும் நூலில் நெல்லையும் கேழ்வரகையும் இராமபிரான் முன் வழக்காட வைக்கிறார். இரண்டும் ஆறு திங்கள் சிறையில் அடைக்கப்படுகின்றன. நெல் நைந்து போகிறது. கேழ்வரகு வாடாமல் வெளிவருகிறது. இராகவன் தன் பெயரையே அதற்குச் சூட்டி ‘ராகி’ ஆக்குகிறான். வறியோரின் தானியத்துக்கு அவர் வாங்கித் தந்த தீர்ப்பு அது. நம் காலத்தில் ‘ராகி’ லட்சுமணையா என்றே மக்கள் அழைத்த வேளாண் அறிஞர், மண்டியாவில் இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் இணைத்து ‘இண்டாப்’ என்னும் உயர் விளைச்சல் இரகங்களைத் தந்தார். 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது.

தமிழருக்கும் இது புதிதன்று. குறிஞ்சியில் தினையும் முல்லையில் வரகும் மருதத்தில் நெல்லும் விளைந்த நாடு நம்முடையது. நிலத்துக்கேற்ற உணவே நம் பழைய மரபு. நெல்லொன்றே தமிழர் உணவு என்பது பின்னாளில் ஏற்பட்ட எண்ணம்.

நம் இலையில் செய்யவேண்டியது

அரிசியைக் கைவிடுக என்று நாம் சொல்ல வரவில்லை. மலாயாத் தமிழரைக் காத்தது அரிசிதானே! கேழ்வரகும் தனித்து நின்றால் குறையுடையதே. அதிலும் மாவுச்சத்தே மிகுதி. அளவு மீறினால் நீரிழிவுக்காரருக்கு அதுவும் தீங்கு செய்யும். முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அதன் தாதுச் சத்துகள் உடலில் நன்கு சேரும். தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூற்றைப் பருப்பு நிறைவு செய்யும். பருப்பில் குறைவானதைத் தானியம் தரும். இட்லியில் அரிசியும் உளுந்தும் கூடியிருப்பதும், முத்தேயோடு அவரைக்காய்ச் சாறு சேர்வதும் இத்தகைய கூட்டாட்சியே.

2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நாம் பெறும் மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு ஏறத்தாழ 45 விழுக்காட்டோடு நிற்கவேண்டும் என்கின்றன. எஞ்சியது பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி, கொட்டைகள், காய், கனி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வரவேண்டும். நம் இலையைக் கண்ணால் அளந்தாலே நாம் எங்கு நிற்கிறோம் என்பது விளங்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. பசியால் வாடுவோர் மட்டுமல்லர் இவர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை மோரூற்றி உண்டெழும் நம் வீட்டுத் தாய்மாரும் இவர்களுள் இருக்கக்கூடும். பொரியலும் பருப்பும் பாலும் அவர்களுடைய தட்டை அடையுமுன் தீர்ந்துவிடுகின்றன. இக்கணக்கை எந்த ஆய்வுக்கூடமும் நமக்காகப் போட்டுத்தர வேண்டியதில்லை. அடுக்களையில் நின்று பார்த்தாலே போதும்.

ஒரு பெருமையையும் மறக்கலாகாது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் தமிழ்நாட்டில் விரிவுபெற்றன. குன்னூரில் கடைசி இடம் பெற்ற அதே மாகாணத்தின் வழிவந்த மாநிலம், குழந்தைகளின் தட்டைத் தன் பொறுப்பாக ஏற்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது. குறையை ஒப்புக்கொண்டவர்க்கே திருத்தம் கைகூடும்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் எந்த மருந்தின் பெயரும் இல்லை. அறிந்தும் அளந்தும் உண்ணும் நெறியே முதலிடம் பெறுகிறது. மொழியைக் காக்கும் நாம் அந்நெறியையும் காப்போமாக. வாரத்தில் சில வேளை அண்டை வீட்டாரின் முத்தேயையும் கீரைச் சாற்றையும் நம் இல்லத்தில் ஏற்போம். அரிசி வாங்கும்போது வெண்மையை மட்டும் பாராமல் புழுங்கலையும் கைக்குத்தலையும் தேடுவோம். அனைவரும் ஒருங்கே அமர்ந்து, பரிமாறுபவர் தட்டிலும் காயும் பருப்பும் இருப்பதைப் பார்த்தபின் முதற்கவளம் எடுப்போம். மாட்டுத் தொட்டிக்கு அன்போடு அனுப்பியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இனியேனும் மறவாதிருப்போம்.